கவசம் களையும் காலம்

ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்த பருவத்தை வடமொழியாளர் சரத் ருது என்பர். தமிழ் மரபு அதனைக் கூதிர் என்கிறது. குளிர்நாடுகளில் இக்காலத்தே இலைகள் சிவந்து உதிரும். நம் கரையிலோ இலை உதிர்வதில்லை; மழை இறங்குகிறது, பறவைகள் வந்து சேர்கின்றன.

பணி ஓய்வுக்குப் பின் கேமரா பழகத் தொடங்கிய நான், சென்ற கார்த்திகையில் ஒரு விடியற்காலை காட்டுப்பள்ளிக்குச் சென்றேன். கிழக்கே வங்கக்கடல், தெற்கே எண்ணூர்க் கழிமுகம், மேற்கே உப்பங்கழி, வடக்கே பழவேற்காட்டு ஏரி என நீர் சூழ்ந்த மணல்திட்டு அது. முன்னிரவு மழையில் வானம் துலக்கிய வெண்கலம்போல் இருந்தது. ஆழமற்ற நீரில் பூநாரைகள் சில நின்றன. கழுத்தை வளைத்து, அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, நுண்பாசியையும் சிற்றுயிர்களையும் வடித்து உண்பவை அவை. அவற்றின் இளஞ்சிவப்பு நிறமும் அவ்வுணவிலிருந்து வருவதே.

பறவைகளுக்குப் பின்னால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளும் துறைமுகத்தின் கிரேன்களும் தெரிந்தன. அவை படத்தில் விழாதபடி நகர்ந்தும் குனிந்தும் இரண்டு மணி நேரம் படமெடுத்தேன். சற்றுத் தள்ளி, இடுப்பளவு நீரில் கையால் தடவி இறால் பிடித்து, வாயில் கவ்விய பறியில் இட்டுக்கொண்டிருந்த அம்மையார் ஒருவரையும் அவ்வாறே விலக்கினேன்.

கரையேறிய அவரிடம் படத்தைக் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, "பட்சி நல்லாத்தான் கீது சார். நாங்க எங்க காணோம்?" என்று கேட்டார்.

என்னிடம் விடையில்லை. வங்கியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்குப் பார்த்தவன் நான். பற்று ஒன்றை மறைத்துவிட்டு இருப்பைச் சரியென்று காட்டும் பேரேட்டில் ஒருநாளும் கையொப்பமிட்டதில்லை. கேமராவை எடுத்தவுடன் அந்நெறியை எப்படி மறந்தேன்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு இக்கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது, கூழைக்கடாவின் இறகிலும் மீனவர் வலையிலும் அது ஒன்றுபோலவே ஒட்டியது. துன்பத்தில் பிரியாதவர்களை நான் படத்தில் பிரித்துவிட்டேன்.

நம் சென்னையில் வாழ்ந்த மா. கிருஷ்ணன் (1912–1996) அன்று நினைவுக்கு வந்தார். எழுத்தாளர் அ. மாதவையாவின் மகனான அவர், பல கேமராக்களின் உறுப்புகளை இணைத்துத் தாமே அமைத்துக்கொண்ட கருவியால் காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தவர். வண்ணத்தின் ஒப்பனை இல்லாமலே அப்படங்கள் நம் மனத்தில் நிற்கின்றன.

திரும்பும் வழியில் திருவொற்றியூரில் இறங்கினேன். புற்று வடிவாய் எழுந்தருளியிருக்கும் ஆதிபுரீஸ்வரர் ஆண்டு முழுவதும் கவசத்துடனே காட்சி தருகிறார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாள்களில் மட்டும் கவசம் களைந்து, புனுகு சாம்பிராணித் தைலம் சாத்துவர். நான் சென்றது அந்நாள்களில் ஒன்று. பொன்னொளி இல்லை, அலங்காரம் இல்லை. ஆயினும் அந்த மண் திருமேனியைக் காணவே மக்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றனர். கவசம் அணிந்தவரும் அவரே, களைந்தவரும் அவரே. அழகாக இருப்பதை மட்டும் காண்பது தரிசனம் ஆகாது. உள்ளதை உள்ளபடி கண்டு, அதன் முன்னும் கைகூப்புவதே தரிசனம் என்று அச்சந்நிதியில் உணர்ந்தேன்.

மறுவாரம் மீண்டும் காட்டுப்பள்ளிக்குச் சென்றேன். இம்முறை ஒரே படத்தில் பூநாரையும் புகைபோக்கியும் இருந்தன. நடுவே, அவர் இசைவோடு, பறி கவ்விய அந்த அம்மையாரும் இருந்தார். படத்தை அச்சிட்டு அவரிடம் ஒரு பிரதி கொடுத்தேன். இன்னொன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. வருவோர் பலர் அதை அழகென்று சொல்வதில்லை. ஆனால் முன்னைய படத்தைக் கடந்து சென்றவர்கள், இதன் முன் சற்று நின்றுவிட்டுத்தான் போகிறார்கள்.