விரலுக்கு முன் செவி



பீனியா தொழிற்பேட்டையில் வேலை செய்துவந்த நம் சபை வாலிபன் ஒருவன், இரண்டு ஆண்டுகளுக்கு முன் பிரஸ் இயந்திரத்தில் கை சிக்கி, இடது கையின் நடுவிரலிலும் மோதிர விரலிலும் பாதியை இழந்தான். கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடிப் பெங்களூருக்கு வந்த குடும்பம் அது. முதல் சம்பளத்தில் வாங்கிய கிட்டாரில் நான்கு ஆண்டுகளாக ஆராதனையில் வாசித்துவந்தவன் அவன். மருத்துவமனையில் அவனைக் கண்ட நான், ஆறுதல் சொல்வதாக எண்ணிக்கொண்டு, "தம்பி, கிட்டார் போனால் என்ன? தம்புரு தட்டலாம், பாடலாம்" என்றேன். அவன் கட்டுப்போட்டிருந்த கையைப் பார்த்தபடியே, "ஐயா, என் வலது கைக்கு ஒன்றும் ஆகவில்லையே?" என்று கேட்டான்.

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. வேதாகமக் கல்லூரி விடுதியில் ஜி, சி, டி என்ற மூன்று கார்டுகளைக் கற்றுக்கொண்டு, அந்த மூன்றைக் கொண்டே முப்பது ஆண்டுகள் பாடல் நடத்தியவன் நான். கிட்டார் என்றால் இடது கை விரல்கள்தாம் என்று நம்பியிருந்தேன். அவனோடு சேர்ந்து நானும் மறுபடியும் மாணவனானபோது கற்றவற்றை இம்மாதம் எழுதுகிறேன். பிள்ளைக்குக் கிட்டார் வாங்கிக் கொடுத்துவிட்டு, "ஏன் இன்னும் பாட்டு வரவில்லை?" என்று கேட்கும் பெற்றோரும் இதைத் தயவுசெய்து வாசிக்கவேண்டும்.

முதற்படி: வலது கை

நம் வாலிபர்களில் பெரும்பாலோர் பிக்கைப் பிடித்து ஆறு தந்திகளையும் ஒருசேர அடிப்பதையே கிட்டார் வாசிப்பு என்று எண்ணுகிறார்கள். ஃபிங்கர்ஸ்டைல் என்னும் முறையிலோ ஒவ்வொரு விரலுக்கும் தனி வேலை உண்டு. தடித்த மூன்று தந்திகளும் கட்டைவிரலுக்கு உரியவை. மூன்றாம் தந்தி ஆள்காட்டி விரலுக்கும், இரண்டாம் தந்தி நடுவிரலுக்கும், முதல் தந்தி மோதிர விரலுக்கும் உரியவை. பாடப் புத்தகங்களில் பி, ஐ, எம், ஏ என்று குறிக்கப்படுபவை இவ்விரல்களின் ஸ்பானியப் பெயர்களின் முதலெழுத்துகளே.

ஒரே ஒரு கார்டைப் பிடித்துக்கொண்டு, மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 என்று வைத்து, கட்டைவிரல், ஆள்காட்டி, நடு, மோதிரம், மறுபடி நடு, ஆள்காட்டி என்று பத்து நிமிடம் மீட்டிப் பாருங்கள். எல்லாத் தந்தியும் ஒரே அளவில் ஒலிக்கிறதா என்று கேளுங்கள். மோதிர விரல் மெலிந்தும் கட்டைவிரல் முரடாகவும் ஒலிப்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். தெரியவந்ததே பாதிப் பாடம். அடுத்ததாக, கட்டைவிரல் மட்டும் இரண்டு தடித்த தந்திகளுக்கிடையே மாறி மாறித் தாளத்தைக் காக்க, மற்ற விரல்கள் அதன்மேல் பாட்டை வாசிக்கப் பழகவேண்டும். அமெரிக்காவின் கென்டக்கியைச் சேர்ந்த மெர்ல் டிராவிஸின் பெயரால் இம்முறை இன்றும் வழங்குகிறது.

விரல் நான்கும் வேண்டுமா? பார்வையற்றவரும் போதகருமாயிருந்த கேரி டேவிஸ் (1896–1972), கட்டைவிரல், ஆள்காட்டி விரல் ஆகிய இரண்டை மட்டும் கொண்டு நியூயார்க் தெருக்களில் வாசித்துப் பிரசங்கித்தார். அவரிடம் பாடம் கேட்க இளைஞர் பலர் அவர் வீடு தேடிச் சென்றார்கள். நம் நகரத்திலும் கற்க வழியில்லாமல் இல்லை. பெங்களூர் ஸ்கூல் ஆஃப் மியூசிக் 1987இல் தொடங்கப்பட்டது. விரல்களால் மீட்டும் கிட்டாருக்குப் பெயர்பெற்ற கொனாரக் ரெட்டி இவ்வூர்க்காரர்.

நம் வாலிபனுக்கு இடது கையில் ஆள்காட்டி விரலும் சுண்டுவிரலும் முழுமையாக மீந்திருந்தன. ஈ மைனர் கார்டுக்கு இரண்டு விரல்கள் போதும். அந்த ஒரே கார்டில் மூன்று மாதம் வலது கையைப் பழக்கினான். பக்கத்தில் அமர்ந்து வாசித்த எனக்குப் பத்து விரல்கள் இருந்தும், அவன் ஒலி என் ஒலியைவிடத் தெளிவாயிருந்தது.

இரண்டாம் படி: தானாக வாசித்தல்

இம்ப்ரூவைசேஷன் என்றால் வேகம் என்று பலர் எண்ணுகிறார்கள். நம் சங்கீதத்தில் இதற்கு மனோதர்மம் என்று பெயர். மனத்தில் எழுவதே கையில் வரவேண்டும். கைக்குப் பழகிப்போனதை எல்லாம் கொட்டுவது மனோதர்மம் ஆகாது.

தொடங்குவதற்கு ஐந்து சுரங்கள் போதும். கிட்டார் ஆசிரியர்கள் மேஜர் பென்டடோனிக் என்று கற்பிக்கும் ச ரி க ப த என்ற வரிசை, நமக்கு மோகன ராகமாகத் தெரிந்ததே. அதிலும் முதல் வாரம் மூன்று சுரங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு சிறு சொற்றொடரை வாயால் பாடுங்கள். பிறகு அதையே தந்தியில் தேடுங்கள். ஒரு தொடர் கேள்வியாக அமையட்டும், சற்று நிறுத்துங்கள், அடுத்தது பதிலாக வரட்டும். கார்டு மாறும்போது, மாறிய கார்டிலுள்ள சுரம் ஒன்றில் வந்து நில்லுங்கள். வாயால் பாட முடியாததை விரலால் வாசிக்காதிருங்கள். இராணிப்பேட்டையில் பிறந்து, சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்று, பின்பு அமெரிக்காவின் பெர்க்லீ இசைக் கல்லூரியில் கற்ற பிரசன்னா, கர்நாடக சங்கீதத்தின் கமகங்களைக் கிட்டாரில் கொண்டுவந்தவர். குரலில் உள்ளதைத் தந்தியில் தேடினால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அவர் சாட்சி.

விரல் குறைந்தவர்களும் இந்தத் துறையில் முன்னே நின்றிருக்கிறார்கள். ஜாங்கோ ரெய்ன்ஹார்ட் 1928இல் தீ விபத்தில் சிக்கி, இடது கையின் மோதிர விரலும் சுண்டுவிரலும் முடங்கிப்போனவர். மீந்த இரண்டு விரல்களால் அவர் வாசித்த ஜாஸ் இசையை உலகம் இன்றும் பாடமாகப் படிக்கிறது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் 1965இல் டோனி அயோமி என்ற 17 வயது இளைஞன், தகட்டுத் தொழிற்சாலையில் இரண்டு விரல் நுனிகளை இழந்தான். மனமுடைந்திருந்தவனிடம் தொழிற்சாலை மேலாளர் ஜாங்கோவின் இசைத்தட்டு ஒன்றைக் கேட்கச் செய்தார். அயோமி பின்னாளில் வாசித்த இசை நம் வீடுகளில் ஒலிப்பதில்லை. ஆயினும் அந்த மேலாளர் செய்ததை, போதகனாகிய நான் மருத்துவமனையில் செய்யத் தவறினேன் என்று வெட்கத்தோடு எழுதுகிறேன்.

மூன்றாம் படி: ஸ்லைடு

விரலால் அழுத்தாமல், தந்தியின்மேல் எஃகுத் துண்டையோ கண்ணாடிக் குழாயையோ வழுக்கி வாசிப்பது ஸ்லைடு. 1880களின் இறுதியில் ஹவாய்த் தீவில் ஜோசப் கெகுகு என்ற மாணவன் கிட்டாரில் இதைக் கண்டுபிடித்ததாகச் சொல்லுவார்கள். கோட்டுவாத்தியத்தை அறிந்த நமக்கோ இது அந்நியமன்று. மெட்டுகள் இல்லாத அக்கருவியில் உருளைக் கட்டையைத் தந்திமேல் நகர்த்தியே வாசிக்கிறார்கள். ஹவாய் கிட்டாரை இந்துஸ்தானி இசைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் பிரிஜ் பூஷண் காப்ரா. அவ்வழியில் மோகன வீணையை உருவாக்கிய விஸ்வ மோகன் பட், ரை கூடருடன் வாசித்த இசைத்தொகுப்புக்காக 1994இல் கிராமி விருது பெற்றார். நம் பெங்களூரில் பிரகாஷ் சொன்டக்கே ஸ்லைடு கிட்டாரில் இந்துஸ்தானி வாசிக்கிறார்.

பெந்தெகொஸ்தே சபைகளுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அமெரிக்காவில் 1903இல் மேரி மக்தலேனா டேட் அம்மையார் தொடங்கிய சபைப்பிரிவில், 1930கள் முதல் ஆர்கனுக்குப் பதிலாக ஸ்டீல் கிட்டாரே ஆராதனையை நடத்திவருகிறது. மனிதக் குரலைப்போல அழவும் ஆர்ப்பரிக்கவும் அதனால் முடிந்ததே காரணம்.

செய்முறை இதுதான். ஆறாவது, ஐந்தாவது, முதல் ஆகிய மூன்று தந்திகளைத் தலா ஒரு முழுச் சுரம் இறக்குங்கள். எதையும் அழுத்தாமல் மீட்டினாலே ஜி கார்டு ஒலிக்கும். துண்டை ஐந்தாம் ஃபிரெட்டில் வைத்தால் சி, ஏழாம் ஃபிரெட்டில் வைத்தால் டி. நான் முப்பது ஆண்டுகள் வாசித்த அதே மூன்று கார்டுகள்! துண்டை இரு ஃபிரெட்டுகளுக்கு இடையில் வைக்காமல், ஃபிரெட் கம்பிக்கு நேர் மேலே வைக்கவேண்டும். தந்தியை ஃபிரெட்டில் படும்படி அழுத்தக்கூடாது. துண்டுக்குப் பின்னால் ஒரு விரல் தந்தியை மெல்லத் தொட்டிருந்தால் வேண்டாத இரைச்சல் அடங்கும். கிட்டாரை மடியில் படுக்கவைத்து வாசிப்பதானால், நட்டின்மேல் ஓர் உயர்த்தும் துண்டைப் பொருத்தித் தந்திகளை மேலே தூக்கிக்கொள்ளலாம்.

நம் வாலிபனின் எஃகுத் துண்டை, அவனோடு வேலை செய்தவர் ஒருவர் லேத்தில் கடைந்து மெருகேற்றிக் கொடுத்தார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அதைப் பிடிக்க, குறைந்த விரல்கள் அண்டைகொடுக்க, சுண்டுவிரல் பின்னால் இரைச்சலை அடக்கியது. கை பழகிவிட்டது, செவி பழகத்தான் நாளாயிற்று. ஃபிரெட் நமக்காகச் சுருதியைக் காத்துவந்த காலம் ஸ்லைடில் முடிந்துபோகிறது. மயிரிழை விலகினாலும் அபசுரம். கண் காட்டும் இடம் தோராயமானது. செவிதான் முடிவாகச் சொல்லவேண்டும். அப்போதுதான் எனக்கு விளங்கியது: மூன்று படிகளிலும் நாங்கள் பழக்கிவந்தது செவியையே.

சில மாதங்களுக்கு முன், ஒரு ஞாயிறு காலை ஜெப வேளையில் அவன் மெதுவாக ஒரு பாடலின் மெட்டை வாசித்தான். இரண்டு இடங்களில் சுருதி சற்றே விலகியது. எனக்கு முன்னே அவனே அதைக் கேட்டுத் திருத்திக்கொண்டான். பின்வரிசையில் அவன் தாயார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். ஆராதனை முடிந்தபின் அவனிடம் சென்று, "தம்பி, அன்று மருத்துவமனையில் நான் சொன்னது தவறு" என்றேன். "பரவாயில்லை ஐயா, நீங்கள் கட்டைவிரலை இன்னும் முரடாகத்தான் அடிக்கிறீர்கள்" என்று சிரித்தான்.

பெற்றோரே, பிள்ளை ஒரே கார்டை ஒரு மாதம் மீட்டிக்கொண்டிருந்தால் சலித்துக்கொள்ளாதேயுங்கள். அவன் விரல்கள் அசைவது மட்டுமே நம் கண்ணுக்குத் தெரிகிறது. அவன் செவி திறப்பது தெரிவதில்லை. வாலிபரே, நாள்தோறும் பத்து நிமிடம், ஒரு கார்டு, 60 என்ற மெட்ரோனோம். இன்று இரவே தொடங்குங்கள். நானும் கட்டைவிரலைத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.