திரும்பும்போது கவனம்

வயதானவர்களுக்கு நடை நல்லது என்கிறோம். திரும்புவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நேரே நடப்பதைவிடத் திரும்புவதே கடினம். வேகத்தைக் குறைத்து, எடையை ஒரு காலில் தாங்கி, தலை, தோள், இடுப்பு, பாதம் என்று வரிசையாகத் திருப்ப வேண்டும். முதுமையில் அந்த வரிசை குலைந்து, உடல் ஒரே கட்டையாகத் திரும்புகிறது. கால் பின்னினால் பக்கவாட்டில் சாய்ந்து, இடுப்பிலேயே அடி விழும். நேரே நடந்து விழுபவரைவிடத் திரும்பும்போது விழுபவருக்கு இடுப்பெலும்பு முறியும் வாய்ப்பு ஏறக்குறைய 8 மடங்கு என்றது 1994இல் வெளிவந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு. முறிந்தால் பலர் பழையபடி நடப்பதில்லை.

1991 முதல் மருத்துவர்கள் செய்துவரும் எளிய சோதனை உண்டு. நாற்காலியிலிருந்து எழுந்து, வழக்கமான வேகத்தில் 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் மருத்துவரைப் பாருங்கள்.

ஆஸ்டின் டவுனில் நம்மவர் வீடுகள் பல நெருக்கமானவை. அடுப்படியில் திரும்ப இடமில்லை. வாசலில் இறங்கினால் பின்னால் ஸ்கூட்டர் ஹாரன். வீட்டைப் பெரிதாக்க முடியாது, பழக்கத்தை மாற்றலாம். பெரியவர்களைப் பின்னாலிருந்து கூப்பிடாமல் எதிரே போய்ப் பேசுவோம். வழியில் கிடக்கும் வாளி, செருப்பை எடுத்து வைப்போம். குளியலறைச் சுவரில் கைப்பிடி பொருத்துவோம்.

பெரியவர்களே, ஒற்றைக் காலில் சுழலாதீர்கள். சிறு சிறு அடி வைத்து, வளைந்து திரும்புங்கள். பேரன் கூப்பிட்டாலும் முதலில் நில்லுங்கள், பிறகு திரும்புங்கள்.