பௌருஷமும் பதினைந்து நிமிஷமும்

குடும்பத்துக்குக் குழந்தைகள் போதும் என்று தம்பதிகள் இருவரும் மனமொத்துத் தீர்மானித்த பிறகு, அந்தத் தீர்மானத்தின் பொருட்டு யாருடைய சரீரம் கத்திக்கு உட்பட வேண்டும் என்ற கேள்வி நம் இல்லங்களில் பெரும்பாலும் எழுவதே இல்லை. எழாமலேயே அதற்கு விடையும் கிடைத்துவிடுகிறது. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் மணமான 15 முதல் 49 வயதுப் பெண்களில் 37.9 சதவீதத்தினர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவன் செய்துகொண்ட குடும்பங்களோ 0.3 சதவீதம். ஆண் பெண் சமத்துவம் நம் வீடுகளில் எவ்வளவு தூரம் நுழைந்திருக்கிறது என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சமான சாட்சியம் வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம்.

வைத்திய சாஸ்திரத்தின் நியாயமோ முற்றிலும் மறுபுறம் நிற்கிறது. பெண்ணுக்கு வயிற்றைத் திறந்தோ துளையிட்டோதான் கருக்குழாய்களைக் கட்ட முடியும். ஆணுக்கோ, 1974இல் சீனத்து மருத்துவர் லீ ஷுன்சியாங் வகுத்த முறைப்படி, அவ்விடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, விதைப்பையின் தோலில் சிறு துளையிட்டு, விந்துக்குழாயைத் துண்டித்துக் கட்டிவிட்டால் பதினைந்து இருபது நிமிஷங்களில் காரியம் முடிந்துவிடுகிறது. தையல்கூட இல்லை, அன்றே வீடு திரும்பலாம். மூன்று மாதம் வேறு தடுப்பு முறையைக் கையாண்டு, பிறகு விந்துப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. ஆணுக்குரிய ஹார்மோன் இரத்தத்தில் கலந்து செல்வதேயன்றி இந்தக் குழாய் வழியே போவதில்லையாதலால், அவனுடைய சுகமோ தேகபலமோ இதனால் குன்றுவதற்கு இடமே இல்லை.

ஆயினும் அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டில் நாள்தோறும் நடப்பது என்ன? இரண்டாவது பிரசவமாகிப் படுத்திருக்கும் பெண்ணிடம் செவிலியர், “உங்க வீட்டுக்காரர் பண்ணிக்க மாட்டாராம்மா?” என்று கேட்டால், அவள் வாய் திறப்பதற்குள் மாமியார் குறுக்கிடுவாள்: “அவன் மூட்டை தூக்குற பையன் சிஸ்டர், இடுப்புல பலம் போயிடும், இவளுக்கே பண்ணிவிட்டிருங்க.” கணவனோ, கையில் டீ பிளாஸ்குடன் வராந்தாவில் நின்றுகொண்டிருப்பான்; அவனை யாரும் கேட்பதுமில்லை, அவன் மறுப்பதுமில்லை. நாளைக்கு இடுப்பில் குடமும் குழந்தையும் சுமந்து, நடவுக்குக் குனிய வேண்டிய அந்தப் பெண்ணின் இடுப்பு எவர் கணக்கிலும் வராது. அவள் கணக்கிலும் வராது என்பதுதான் இதில் விபரீதம். கருத்தடை பெண்களின் விஷயம் என்று கருதும் ஆண்கள் 35 சதவீதத்தினர் என்று அதே ஆய்வு கூறுகிறது. மாமியார்களையும் கேட்டிருந்தால் விகிதம் இன்னும் உயர்ந்திருக்கும் என்றே தோன்றுகிறது.

பெண்ணே ஆபரேஷனுக்கு உட்படுவது தொன்றுதொட்டு வந்த சம்பிரதாயம் என்று சொல்வதற்கும் ஆதாரமில்லை. 1960களில் இந்நாட்டில் கருத்தடைச் சிகிச்சைக்கு உட்பட்டவர்களில் பெரும்பான்மையோர் ஆண்களே; பணம் கொடுத்து இதை ஊக்குவித்த முதல் ராஜ்யங்களில் சென்னையும் ஒன்று. 1971 ஜூலையில் எர்ணாகுளத்தில் நடந்த முகாமில் ஒரே மாதத்தில் 62,000க்கு மேற்பட்ட ஆண்கள் முன்வந்தார்கள். பணத்துக்கும் பரிசுப் பொருளுக்குமாக வந்த ஏழைகளே அவர்களில் மிகுதி என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் பௌருஷம் போய்விடும் என்ற பீதி அவர்களைத் தடுத்து நிறுத்தவில்லை. நெருக்கடி நிலையின்போது, 1976-77இல், சம்பளத்தை நிறுத்துவதாகப் பயமுறுத்தியும் போலீசை ஏவியும் செய்யப்பட்ட 80 லட்சத்துக்கு மேற்பட்ட ஆபரேஷன்களில் 60 லட்சத்துக்கு மேல் ஆண்களுக்கானவை. அதனால் எழுந்த கோபமும் சேர்ந்து 1977இல் ஓர் அரசாங்கத்தையே கவிழ்த்தது. பின்வந்த ஆட்சியாளர்கள் கற்ற பாடம், ஒருவரையும் நிர்ப்பந்திக்கலாகாது என்பதன்று, ஆண்களை நெருங்கலாகாது என்பதே. குடும்பக் கட்டுப்பாடு என்ற பெயரைக் குடும்ப நலம் என்று மாற்றிவிட்டு, இலக்கு முழுவதையும் பெண்களின் பக்கம் திருப்பிவிட்டார்கள். 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில், ஒரே முகாமில் சில மணி நேரத்துக்குள் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்யப்பட்டுப் பத்துப் பேருக்கு மேல் மாண்டபோதோ, எந்த அரசாங்கமும் கவிழவில்லை. 2016இல் உச்ச நீதிமன்றம் இத்தகைய முகாம்களுக்கு மூன்றாண்டுக்குள் முடிவு கட்டச் சொன்னதோடு விஷயம் பத்திரிகைகளிலிருந்து மறைந்தது.

பெரியாரின் ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலாக வந்தபோது, கர்ப்பத்தடையைப் பற்றி ஓர் அத்தியாயமும் ஆண்மை அழிய வேண்டியதைப் பற்றி ஓர் அத்தியாயமும் அதில் இடம்பெற்றிருந்தன. முதலாவதை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. இரண்டாவது மேடைப் பேச்சோடு நின்றுவிட்டது. ஆணுக்கு ஊக்கத்தொகை கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தும் பயன் சொற்பமே, ஏனெனில் பணத்தால் தீரும் பயமல்ல இது. மற்றோர் ஆண் வந்து, தான் செய்துகொண்டதையும் மறு வாரமே மூட்டை தூக்கியதையும் கூச்சமின்றிச் சொன்னால் ஒருவேளை தீரும். கருத்தரித்த நாள் முதல் கிராம சுகாதார செவிலியர் வீடு தேடிச் சென்று சந்திப்பது மனைவியை மட்டுமே. அதே ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொசு மருந்துக்கும் குடிநீர்க் குளோரினுக்கும் பொறுப்பாக இருக்கும் சுகாதார ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஆண்கள். ஏழாவது மாதத்துக்குள் ஒரு மாலையேனும் அவர்களில் ஒருவர் கணவனைத் தேடிப்போய் இதைப் பேச வேண்டும் என்று உத்தரவிட, அரசாங்கத்துக்குப் புதிய சட்டமும் வேண்டாம், புதிய செலவும் வேண்டாம்.