தொட்டியின் மூடியைத் திறப்போம்

கழிப்பறையைக் கழுவுவது பெண்ணின் வேலை. பழுது பார்ப்பது ஆணின் வேலை. பீங்கானில் கறை படிந்தால் பிரஷ் நம் கையில். பின்னாலிருக்கும் பிளஷ் தொட்டியில் ஒரு வாஷர் தேய்ந்தால், ‘ஆளைக் கூப்பிடு.’ அழுக்காக இருக்கும்வரை நம்முடையது. கருவி என்றானதும் அவர்களுடையது.

வீட்டுக்கு வெளியே இந்தப் பிரிவினை சாதியோடு சேர்ந்துகொள்கிறது. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். உலர் கழிப்பறைகளில் அந்த வேலைக்குத் தள்ளப்பட்டவர்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள். துடைப்பமும் கூடையும் அவர்களுக்கு. ஸ்பேனரும் அதற்குரிய கூலியும் வேறொருவருக்கு.

‘பெண்ணுக்கு மெஷின் வேலை வராது’ என்பவர்கள் சந்தவாசல் பக்கம் ஒரு தறி வீட்டுக்குள் போய்ப் பார்க்கட்டும். ஆரணிப் பட்டு என்று கடையில் விரிக்கப்படும் புடவைக்காகப் பெண்கள் தார் சுற்றுகிறார்கள். பாவு தீர்ந்தால், பழைய இழையோடு புதிய இழையை ஒவ்வொன்றாக, ஆயிரக்கணக்கில் பிணைக்கிறார்கள். அறுந்த இழையை விரல் நுனியாலேயே தேடிப் பிடிக்கும் கைக்கு ஒரு நட்டைத் திருக வராதா?

அப்படி என்ன ரகசியம் அந்தத் தொட்டிக்குள்? ஒரு மிதவை, தண்ணீரை உள்ளே விடும் வால்வு, வெளியே விடும் வால்வு, சில ரப்பர் வளையங்கள். தொட்டிக்குள் துணிக்குப் போடும் நீலத்தைச் சில சொட்டு விட்டு, பிளஷ் செய்யாமல் அரைமணி நேரம் காத்திருங்கள். கோப்பையில் நீலம் தெரிந்தால் வெளியேற்றும் வால்வு கசிகிறது. கோப்பையின் மேலேயே தொட்டி உட்கார்ந்திருக்கும் வகையில், அந்த வால்வை மாற்றத் தொட்டியைக் கழற்றியாக வேண்டும். ஆங்கிள் காக்கை மூடி, தண்ணீரை வடித்து, மிச்சத்தைத் துணியால் ஒற்றி, இணைப்புக் குழாயையும் அடியிலுள்ள போல்ட்டுகளையும் கழற்றினால் தொட்டி கையோடு வந்துவிடும். கனமானது, இருவர் தூக்குவது நல்லது. அடியிலுள்ள பெரிய நட்டைத் திருகி வால்வை மாற்றி, ரப்பர் வளையத்தையும் புதிதாகப் போட்டு, போல்ட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். ஒரேயடியாக முடுக்கினால் பீங்கான் விரிசல் விடும். இவ்வளவுதான்.

இந்தச் சிறு வேலைக்காக நாம் எவ்வளவு காத்திருக்கிறோம்! நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் பெண்கள் கழிப்பறையின் தொட்டி பழுதானது. கடிதம் மேஜை மேஜையாக நகர்ந்தது. அதுவரை வாளி தூக்கியவர்கள் மாணவிகளும் துப்புரவுப் பணியாளரான அக்காவும்தான். மாணவிகள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார்கள், சிறுநீரை அடக்கினார்கள். ஒரு வாஷரின் விலையைப் பெண் உடல் கட்டியது.

இது ஒரு கல்லூரியின் கதையல்ல. பொதுத்துறை நிறுவனங்கள் பள்ளிகளில் கட்டிய கழிப்பறைகளைப் பற்றி இந்தியத் தணிக்கைத் துறையின் அறிக்கை 2020இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. ஆய்வு செய்த கழிப்பறைகளில் 72 விழுக்காட்டில் உள்ளே குழாய்த் தண்ணீர் இல்லை. கட்டித் திறப்பதற்கு விழா உண்டு, பராமரிப்புக்கு ஏது விழா?

‘இதையும் பெண்தான் செய்ய வேண்டுமா?’ என்று தோழிகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. வாளி தூக்குவது வேலை இல்லையா என்பது என் பதில் கேள்வி. பழுது பார்ப்பது நிர்வாகத்தின் கடமை. பிளம்பருக்கு உரிய கூலியைக் கொடுத்துச் செய்யட்டும். ஆனால் என்ன பழுது, எவ்வளவு நேரமாகும், என்ன செலவாகும் என்று தெரிந்தவளிடம் ‘அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்று சொல்ல முடியாது. அறியாமை நம்மைக் காக்க வைக்கிறது, அறிவு கேள்வி கேட்க வைக்கிறது.

ஆகவே கேட்போம். ஒவ்வொரு விடுதியிலும் கல்லூரியிலும் உதிரிப் பாகங்கள் வாங்கும் சிறு தொகையைச் செலவிடும் அதிகாரம், அந்தக் கழிப்பறையைப் பயன்படுத்தும் பெண்களிடம் இருக்கட்டும். துப்புரவுப் பணியாளருக்குப் பழுது பார்க்கும் பயிற்சியும், அதற்கேற்ற பதவியும் ஊதியமும் வேண்டும். பிரஷ்ஷை மட்டும் நீட்டுகிறவர்களிடம் ஸ்பேனர் எங்கே என்று கேட்போம்.