பட்டமும் திருப்புளியும்

சென்ற மாதம் எங்கள் வீட்டுச் சலவை இயந்திரம் நின்றுபோயிற்று. நாங்கள் தில்லிக்குக் குடிவந்த ஆண்டில் வாங்கியது. 12 ஆண்டுகள் உழைத்தது. விளக்கு எரியும், ‘டக்’கென்று ஓர் ஒலி கேட்கும், மறுகணம் எல்லாம் அணைந்துவிடும். பார்க்க வந்தவர் மூடியைக்கூடக் கழற்றவில்லை. “போர்டு போய்விட்டது. இந்த மாடலுக்கு இப்போது போர்டு வருவதில்லை. புதிதாக வாங்கிவிடுங்கள்” என்று சொல்லி, வந்த கூலி 350 ரூபாயைப் பெற்றுக்கொண்டு போனார். அப்பா ஒன்றும் பேசவில்லை. அம்மாதான் என்னைப் பார்த்து, “நீ பௌதிகம்தானே படிக்கிறே? என்னன்னு கொஞ்சம் பாரேன்” என்றாள்.

பார்த்தேன். பார்க்க மட்டுமே தெரிந்தது.

போர்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, செங்கோட்டைக்கு எதிரே உள்ள லஜ்பத் ராய் மார்க்கெட்டுக்குச் சென்றேன். அங்கே ஒரு சந்தில் ஸ்டூல் போட்டு அமர்ந்திருந்த முதியவர் அதை வாங்கிப் பார்த்தார். ஒரு கெப்பாசிட்டரின் தலை உப்பியிருப்பதை விரலால் தடவிக் காட்டினார். மின்சாரம் கொடுத்து மல்டிமீட்டரை வைத்தார். 12 வோல்ட் இருக்கவேண்டிய இடத்தில் 8 வோல்ட்தான் இருந்தது. 1000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்றை மாற்றினார். ரிலேயின் காலடியில் விரிசல் கண்டிருந்த ஈயப்பற்றை மீண்டும் உருக்கி ஒட்டினார். பத்து நிமிட வேலை. 80 ரூபாய் கூலி. அன்று மாலை இயந்திரம் ஓடியது.

“என்ன படிக்கிறாய், பேட்டா?” என்று அவர் கேட்டபோது, “எம்.எஸ்ஸி. பௌதிகம்” என்று சொல்ல எனக்கு நாக்குக் கூசியது.

ஏன் கூசவேண்டும்? அந்தப் பழுதின் விளக்கம் முழுவதும் என் பாடநூலில் இருக்கிறது. 50 ஹெர்ட்ஸ் மாறுமின்சாரத்தை முழு அலையாகத் திருத்தினால் அது நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். அந்தப் பள்ளங்களை நிரப்புவது கெப்பாசிட்டர். அதனுள் இருக்கும் திரவம் வெப்பத்தால் சிறிது சிறிதாக உலர்கிறது, கொள்ளளவு குறைகிறது, உள்தடை மிகுகிறது. ரிலே இழுக்கும் நேரத்தில் மின்னழுத்தம் சரிகிறது. கட்டுப்படுத்தும் சிப் நினைவிழந்து மீண்டும் தொடக்கத்துக்குப் போகிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர் கணக்கு. இவற்றை விடைத்தாளில் எழுதி மதிப்பெண் பெற்றவன் நான். ஆனால் திருப்புளியைத் தொட்டவனல்லன்.

இஃது என் ஒருவன் குறையா? காகிதத்தைத் தொடுபவன் உயர்ந்தவன், கருவியைத் தொடுபவன் தாழ்ந்தவன் என்னும் பழைய நோய் நம் ஆராய்ச்சிக்கூடங்களுக்குள்ளும் புகுந்திருக்கிறது. கருவி பழுதானால் ஆளைக் கூப்பிடுகிறோம். அவர் வேலை செய்யும்போது அருகே நின்று கேட்கக்கூட வெட்கப்படுகிறோம். பள்ளிப் படிப்பில் நெடுந்தூரம் செல்லாத கோவை ஜி. டி. நாயுடு, மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்துப் பார்த்துத் தொழில் கற்றவர். அவரைப் புதுமை விஞ்ஞானி என்று போற்றும் நாம், அவர் கற்ற வழியை மட்டும் மறந்துவிட்டோம்.

உற்பத்தியாளர்களிடமும் குறை உண்டு. வால்வு ரேடியோக் காலத்தில் பல பெட்டிகளின் உட்புறத்திலேயே சுற்றுப்படம் ஒட்டப்பட்டிருந்தது. இன்று வீட்டு இயந்திரத்தோடு அப்படத்தைத் தருபவர் அரியர். 2022-இல் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமை குறித்து ஒரு குழுவை அமைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் அதற்கென ஓர் இணையத்தளமும் திறந்தது. வரவேற்போம். ஆனால் சுற்றுப்படத்தைக் கொடு என்று கேட்பதற்கு, அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் வேண்டாமா? அது நம் கடமையன்றோ?

ஆகவே சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு சனிக்கிழமை மாலை சங்க அறையைப் பழுதுபார்க்கும் கூடமாக்குவோம். அந்த முதியவரைப் போன்றவர்களைக் கூலி கொடுத்து ஆசிரியராக அழைப்போம். முதல் பாடம் எச்சரிக்கையாக இருக்கட்டும்: 230 வோல்ட்டை நேரே திருத்தும் போர்டுகளில் ஏறத்தாழ 325 வோல்ட் நிற்கும், பிளக்கைக் கழற்றிய பிறகும் அது கெப்பாசிட்டரில் தங்கியிருக்கலாம். அளந்து பார்க்காமல் கை வைக்கலாகாது.

நான் ஒரு மல்டிமீட்டர் வாங்கிவிட்டேன். உங்கள் அறை மூலையில் ஓடாமல் கிடக்கும் பொருளோடு வாருங்கள். சில தேறும், சில தேறா. தேறாதவையும் நமக்குப் பாடம் சொல்லும்.