தேர்தல் வரும் ஆண்டு தெரியும், கருவி வாங்கும் பணத்துக்கு ஏன் காத்திருப்பு?

எல்லா வாக்குச்சாவடிகளிலும், போட்ட வாக்கைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் விவிபாட் கருவி வேண்டும், படிப்படியாகக் கொண்டுவாருங்கள் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2013 அக்டோபரில். அதற்கான 16,15,000 கருவிகளை வாங்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது 2017 ஏப்ரலில். தொகை 3,173 கோடி ரூபாய். இடையில் மூன்றரை ஆண்டுகள். தேர்தல் ஆணையம் சட்ட அமைச்சகத்துக்கு நினைவூட்டல் மேல் நினைவூட்டலாக அனுப்பியது. அன்றைய தலைமைத் தேர்தல் ஆணையர் நசீம் ஜைதி பிரதமருக்கே எழுதினார். கடைசியில் 2019 மக்களவைத் தேர்தலுக்குள் கருவிகள் வந்து சேர்ந்துவிட்டன. வந்துவிட்டதே, பிறகென்ன என்று சிலர் கேட்கிறார்கள். அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை.

வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து தேர்தல் துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். அதே துறையில் வெள்ள நிவாரணமும் பார்த்திருக்கிறேன். வெள்ளம் சொல்லிக்கொண்டு வராது. தேர்தல் சொல்லிக்கொண்டுதான் வருகிறது. அவையின் ஆயுள் ஐந்தாண்டு என்று அரசமைப்புச் சட்டமே சொல்கிறது. வாக்குப்பதிவு இயந்திரத்தின் ஆயுள் 15 ஆண்டு. எந்த ஆண்டில் எத்தனை இயந்திரம் கழியும், எத்தனை புதிதாக வேண்டும் என்பதை ஒரு தாளில் கணக்கிட்டுவிடலாம். இவ்வளவு தெளிவாக முன்கூட்டியே தெரிந்த தேவை அரசாங்கத்தில் வேறெதுவும் இல்லை. அதற்கான பணம்தான் கோப்புக்குள் காத்துக் கிடக்கிறது.

தயாரிப்பு நிறுவனங்கள் இரண்டே இரண்டு: பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ், ஹைதராபாத் இசிஐஎல். இரண்டும் பொதுத்துறை. ஆணை தாமதமானால் வேறிடத்தில் வாங்கிக்கொள்ள வழியில்லை. கருவி மாவட்டத்துக்கு வந்து இறங்கியதும் வேலை முடிந்துவிடுவதும் இல்லை. சட்டமன்றத் தேர்தலுக்கு நான்கு மாதம், மக்களவைத் தேர்தலுக்கு ஆறு மாதம் முன்பே முதல்நிலைச் சரிபார்ப்பு தொடங்க வேண்டும். நிறுவனப் பொறியாளர்கள் கட்சிப் பிரதிநிதிகளின் கண்முன்னால் ஒவ்வொரு பொத்தானையும் அழுத்திப் பார்ப்பார்கள். தேறியவற்றில் 5 விழுக்காட்டை எடுத்து 500, 1,000, 1,200 என்று வாக்குகள் போட்டு, விவிபாட் சீட்டுகளைக் கையால் எண்ணி, இயந்திரம் காட்டும் தொகையோடு ஒப்பிட வேண்டும். 1,200 சீட்டுகளைச் சின்னம் சின்னமாகப் பிரித்து அடுக்கும்போது மேசையைச் சுற்றி எல்லாக் கட்சிக்காரர்களும் குனிந்து நிற்பார்கள். எண்ணிக்கை சரியாக வந்ததும் ‘சரி சார், எழுதிக்குங்க’ என்று அவர்களே சொல்வார்கள். பிறகு இளஞ்சிவப்புக் காகித சீலில் கையெழுத்துப் போடுவார்கள். இயந்திரத்தின் மீதான நம்பிக்கை அந்த மேசையில்தான் உண்டாகிறது. கருவி தாமதமாக வந்தால் முதலில் சுருங்குவது அந்த மேசைக்கான நேரம்.

கைரானா இடைத்தேர்தலை நினைத்துப் பார்க்க வேண்டும். 2018 மே மாத வெயிலில் உத்தரப் பிரதேசத்தின் கைரானாவிலும், அதே நாளில் மகாராஷ்டிரத்தின் பண்டாரா-கோண்டியாவிலும் விவிபாட்கள் வரிசையாக மக்கர் செய்தன. முதல் தொகுதியில் 73 சாவடிகளிலும் அடுத்ததில் 49 சாவடிகளிலும் மறு வாக்குப்பதிவு நடந்தது. கருவிக்குள் இருந்த சென்சாரில் அதிக வெளிச்சம் பட்டதும், காகிதச் சுருள் ஈரத்தை இழுத்துக்கொண்டதும் காரணம் என்று கண்டறிந்தார்கள். சென்சாருக்கு மேல் மூடி போட்டு, காகிதத்தையும் மாற்றினார்கள். பொதுத்தேர்தலுக்கு ஏறத்தாழ ஒரு வருடம் இருந்ததால் திருத்த முடிந்தது. அமைச்சரவை ஒப்புதல் இன்னொரு வருடம் தள்ளியிருந்தால் இந்தக் குறை பத்து லட்சம் சாவடிகளில் ஒரே நாளில் தெரியவந்திருக்கும்.

எத்தனை வாங்குவது என்பதிலும் சிக்கல் உண்டு. தேவை இயந்திரத்தைப் பொறுத்ததல்ல, சாவடியைப் பொறுத்தது. தமிழ்நாட்டில் 2021 சட்டமன்றத் தேர்தலுக்குச் சாவடிகள் 88,937. 2024 மக்களவைத் தேர்தலுக்கு 68,321. கொரோனாவுக்காக ஒரு சாவடிக்கு 1,000 வாக்காளர் என்று வரம்பு வைத்ததில் வந்த வேறுபாடு இது. ஒரே சுற்றறிக்கையில் இருபதாயிரம் இயந்திர-விவிபாட் தொகுப்புகள் கூடுதலாக வேண்டியிருந்தன. ரிசர்வ் தனி, விவிபாட் மட்டும் 30 விழுக்காடு அளவுக்குக் கையிருப்பு வைப்பார்கள். 2025-இல் பீகாரில் வழக்கமான வரம்பே 1,200 ஆகக் குறைந்தது. கூட்டம் குறையும், முதியவர்கள் வெயிலில் நிற்க வேண்டாம், நல்ல முடிவு. அந்த முடிவை எடுக்கும்போதே அதற்கான கருவிக்கும் பணம் ஒதுக்க வேண்டும்.

வேட்பாளர் எண்ணிக்கையோ கடைசிவரை தெரியாது. வாக்காளர் அழுத்தும் பேலட் யூனிட் ஒன்றில் 16 பொத்தான். வாபஸ் முடிந்து பட்டியல் வெளியானபின் சட்டப்படி கிடைப்பது குறைந்தது 14 நாள்தான். 1996-இல் மொடக்குறிச்சியில் 1,033 பேர் போட்டியிட்டார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாகத் தைக்க வேண்டியிருந்தது, தேர்தலே தள்ளிப்போனது. 2019-இல் தெலங்கானாவின் நிஜாமாபாதில் மஞ்சள் விவசாயிகள் திரண்டு நின்றதில் 185 வேட்பாளர்கள், சாவடிக்கு 12 பேலட் யூனிட். 2023 ஈரோடு கிழக்கில் 77 பேர்; நோட்டாவோடு 78, சாவடிக்கு ஐந்து யூனிட். ஒரு யூனிட்டுக்கு மறைப்பு அட்டை இரண்டடி அகலம், கூடும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் இன்னும் ஓரடி. ஐந்துக்கு ஆறடி! ஆறடி மேசை எந்தத் தொடக்கப் பள்ளியில் இருக்கிறது? இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டால் நடுவில் ஏற்ற இறக்கம், அதன்மேல் யூனிட்டுகளை இணைக்கும் கேபிள். இதற்கெல்லாம் முன்கூட்டியே அளவெடுக்க ஆள் வேண்டும், பணமும் வேண்டும்.

இப்படிப்பட்ட சாவடியில் வாக்குப்பதிவின் நடுவே, வாக்குகளைப் பதிந்து வைக்கும் கட்டுப்பாட்டுக் கருவி நின்றுவிட்டால் முழுத் தொகுப்பையும் மாற்ற வேண்டும். மாற்றியபின் முகவர்கள் முன்னிலையில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் நோட்டாவுக்கும் ஒரு மாதிரி வாக்கு போட வேண்டும். 78 முறை அழுத்தி முடிக்கும்வரை வாசலில் வரிசை நிற்கும். மண்டல அலுவலரின் ஜீப்பில் ரிசர்வ் தயாராக இருந்தால் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள். அடுத்த மண்டலத்திலிருந்து வரவேண்டும் என்றால், அது வருவதற்குள் ‘மெஷினை மாத்திட்டாங்களாம்’ என்ற பேச்சு அடுத்த ஊருக்குப் போய்விடும். ஒரு தேர்தலில் எங்களுக்கு வேண்டிய பேட்டரிகள், வேட்பாளர் பெயர் பொருத்தும் வேலை தொடங்கிய பிறகுதான் வந்து சேர்ந்தன. வேலை முடிந்துவிட்டது. ஆனால் வாயிலில் நின்ற கட்சிக்காரர்கள் இரவில் ஏன் லாரி வருகிறது என்று கேட்ட கேள்விக்கு எங்கள் ஊழியர்கள் விடியும்வரை பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

வாங்கிய கருவி எப்போதும் கையில் இருக்கும் என்றும் சொல்ல முடியாது. முடிவு வந்து 45 நாள் கருவிகளைத் தொடக்கூடாது. தேர்தல் வழக்கு வந்தால் அது முடியும்வரை முடக்கம். கொரோனா காலத்தில் வழக்குத் தொடுக்கும் கெடுவை நீதிமன்றம் நீட்டித்ததால், 2021-இல் தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்களின் கருவிகள் சிக்கிக்கொண்டன. அடுத்த தேர்தல்களுக்கு அவற்றை விடுவிக்கக் கோரி ஆணையம் உச்ச நீதிமன்றம் போக நேர்ந்தது. வழக்கில் எவ்வளவு சிக்கும் என்பதையும் கொள்முதல் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இப்போது ஒரே நேரத் தேர்தல் பேசப்படுகிறது. அதன் நன்மை தீமையை இங்கே நான் எடுக்கவில்லை. அதற்கு 46.75 லட்சம் பேலட் யூனிட், 33.63 லட்சம் கட்டுப்பாட்டுக் கருவி, 36.62 லட்சம் விவிபாட் வேண்டும் என்று ஆணையம் 2023-இல் சட்ட அமைச்சகத்துக்கு எழுதியது. 15 ஆண்டுக்கு ஒருமுறை சுமார் 10,000 கோடி ரூபாய். இதுவும் விவிபாட் போன பாதையில் கடிதமும் நினைவூட்டலுமாகப் போனால் என்ன ஆகும்?

உச்ச நீதிமன்றத்தின் செலவும் தணிக்கைத் துறைத் தலைவரின் செலவும் தொகுப்பு நிதியிலிருந்து நேரடியாக, வாக்கெடுப்பு இல்லாமல் கிடைக்கின்றன. தேர்தல் ஆணையம் இதே ஏற்பாட்டைப் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறது. நாடாளுமன்றம் அதைத் தர வேண்டும். கருவிகளுக்கு 15 ஆண்டுத் திட்டத்தை ஒரே தடவையில் ஏற்று, ஆண்டுதோறும் தவணை விடுவிக்க வேண்டும். எந்த ஆண்டு எத்தனை வாங்கினோம், எந்த மாவட்டக் கிடங்கில் எத்தனை இருக்கிறது, எத்தனை பழுது, எத்தனை வழக்கில் முடங்கியது என்ற கணக்கை ஆணையம் ஒவ்வோர் ஆண்டும் பொதுவில் வைக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்சிப் பிரதிநிதிகள் முன்னிலையில் கிடங்கைத் திறந்து ஆய்வு செய்கிறார்கள் அல்லவா, அந்தப் பதிவேட்டில் இந்த விவரங்களில் பெரும்பகுதி ஏற்கெனவே இருக்கிறது.