கேன் தண்ணீரும் தெருக்குழாயும்

வீடு தேடிப் பால் வருகிறது, செய்தித்தாள் வருகிறது. இப்போது குடிதண்ணீரும் வருகிறது. காலை வேளையில் சங்கராபுரத்துத் தெருக்களில் சற்று நின்று பார்த்தால், மொபெட்டில் நீலநிறக் கேன்களைக் கட்டிக்கொண்டு விரையும் இளைஞர்களைக் காணலாம். படித்துக்கொண்டே இவ்வேலையைச் செய்பவர்களும் உண்டு. அவர்களது உழைப்பு போற்றுதற்குரியது. என் கேள்வி அவர்களைப் பற்றியதன்று; கேனை வரவழைக்கும் வீடுகளைப் பற்றியது.

1965-ஆம் ஆண்டு பம்பாயில் பிஸ்லரி தண்ணீர் கண்ணாடிப் புட்டியில் விற்பனைக்கு வந்தது. கோடை வந்தால் தண்ணீர்ப் பந்தல் வைப்பதை அறமாகக் கொண்ட நம் நாட்டில், தண்ணீரை விலைக்கு விற்கலாம் என்று அன்று எத்தனை பேர் எண்ணியிருப்பர்? இன்றோ கேன் இல்லாத திருமண மண்டபத்தைக் காண்பது அரிது.

கணக்கையும் சற்றுப் பார்ப்போம். 20 லிட்டர் கேன் 35 ரூபாய் என்றும், ஒரு குடும்பத்திற்கு இரண்டு நாளைக்கு ஒரு கேன் என்றும் வைத்துக்கொள்வோம். மாதம் 525 ரூபாய். ஆண்டுக்கு 6,300 ரூபாய். மாதச் சம்பளக்காரருக்கு இது சிறு செலவாகத் தோன்றலாம். கரும்பு வெட்டப் போகும் குடும்பத்திற்கு இது எத்தனை நாள் கூலி!

இவ்வளவு கொடுத்து வாங்குவோர், வாங்குவது இன்னதென்று அறிய வேண்டாமா? கேன் தண்ணீருக்கு ஐ.எஸ். 14543 என்ற தரநிர்ணயம் உண்டு. ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்றே விற்க வேண்டும் என்றிருந்த கட்டாயம் 2024 அக்டோபரில் நீக்கப்பட்டது. அடுத்த மாதமே உணவுப் பாதுகாப்பு ஆணையம் இத்தண்ணீரை அதிக இடருள்ள உணவுப் பொருள்களின் வரிசையில் சேர்த்து, ஆலைகளுக்கு ஆண்டுதோறும் தணிக்கையை விதித்தது. ஆகவே, புதிதாகக் கேன் போடச் சொல்லும் வீட்டார் மூடியின் முத்திரை உடையாதிருக்கிறதா, 14 இலக்க உரிம எண்ணும் நிரப்பிய தேதியும் அச்சாகியிருக்கின்றனவா என்று பார்த்தே வாங்க வேண்டும். வெயிலில் கிடந்து உட்புறம் பச்சை படர்ந்த கேனைத் திருப்பி அனுப்பத் தயங்கவே கூடாது. வண்டித் தொட்டியில் கொண்டுவந்து குடத்தில் பிடித்துக் கொடுக்கும் தண்ணீருக்கோ மூடியும் இல்லை, முத்திரையும் இல்லை. (நல்ல தண்ணீரை வாங்கி, மாதக்கணக்கில் கழுவாத பானையில் ஊற்றிக் குடிப்போரும் நம்மிடையே உளர். அதற்கு ஆலையைக் குறை கூற இயலாது.)

இத்தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மணிமுத்தாறும் கோமுகியும் கல்வராயன் மலையில்தான் பிறக்கின்றன. ஆனால் கேனில் பெரும்பாலும் வருவது ஆழ்துளைக் கிணற்று நீரே. நம் வட்டாரமோ பாறை நிலம். மழை பொய்த்தால் கிணறு வறளும். எதிர்ச்சவ்வூடு முறையில் சுத்திகரிக்கும்போது எடுத்த நீர் முழுவதும் குடிநீராவதில்லை. ஒரு பகுதி உப்புக் கழிவாக வெளியேறுகிறது. கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாயுள்ள இடங்களில் இக்கருவிகளைத் தடை செய்ய வேண்டுமென்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் பணித்தது சிந்திக்கத்தக்கது. நம் வீட்டுக் குழாய்நீரில் உப்பு எவ்வளவு என்று அளந்து பார்த்துவிட்டா கேனுக்குச் சொல்கிறோம்?

2020 பிப்ரவரியில், உரிமமின்றி நிலத்தடி நீர் எடுக்கும் ஆலைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. குடிநீர் ஆலையினர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். கேனுக்குத் தட்டுப்பாடு வந்தது. பணம் இருந்தும் தண்ணீர் இல்லை என்ற நிலையைச் சில நாட்களிலேயே பலர் கண்டனர்.

ஆயினும் என் மனத்தை உறுத்துவது வேறொன்று. தெருக்குழாயில் கலங்கல் வந்தால் முன்பு தெருவே திரண்டு பேரூராட்சி அலுவலகத்திற்குப் போகும். விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர், அதிகாரியிடம் பேசத் தெரிந்தவர் முன்னே நிற்பர். அவர்கள் வீட்டில்தான் இப்போது முதலில் கேன் இறங்குகிறது. குழாயில் என்ன வந்தாலும் அவர்களுக்குக் கவலையில்லை. எஞ்சி நிற்போர் கேன் வாங்க இயலாதவர். அவர்கள் குரல் அலுவலகப் படியேறுவதும் அரிது. கேன் பெருகப் பெருகக் குழாய்க்காகப் பேசுவோர் குறைகின்றனர். நோயாளியும் கைக்குழந்தையும் உள்ள வீடு கேன் வாங்குவதை யாரும் தடுக்க வேண்டியதில்லை. வாங்குவோர் குழாயைக் கைவிடுவதைத்தான் ஏற்க இயலவில்லை.

1971-இல் அமைந்த தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்திற்கு நீர் ஆய்வுக்கூடங்கள் உள்ளன. 2019-இல் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று வகுத்ததோடு, கிராமப் பெண்களே நீரைச் சோதிக்கக் களப் பரிசோதனைப் பெட்டிக்கும் வழி செய்தது. அப்பெட்டி நம் ஊரில் யாரிடம் இருக்கிறது, கடைசியாக எப்போது திறக்கப்பட்டது என்று கேட்கலாமே! நம் மாணவர்களில் பலர் சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து வருபவர்கள். வேதியியல் பயில்வோர் தத்தம் தெருக்குழாய் நீரை ஒரு புட்டியில் எடுத்துவந்தால், கடினத்தன்மையைக் கல்லூரி ஆய்வகத்திலேயே கண்டறியலாம். ஆசிரியர்கள் மறுக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன். 2022 முதல் உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22-ஆம் நாளும் கிராமசபை நாட்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டுள்ளது. வீட்டில் கேன் வாங்குவோரும் அன்று அந்த அளவுத் தாளோடு சபையில் வந்து அமரட்டும்.